பிசிவி 37.6, தாளில் குறி இல்லை: தீவிர டெங்குவை ரத்தப் புரதங்கள் எவ்வளவு முன்னே சொல்லும்?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தில் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் பங்கு, விழுக்காட்டில்) 37.6. லேப் தாளில் பெண்களுக்கான இயல்பு எல்லை 36 முதல் 46 வரை என்று அச்சாகியிருந்ததால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் விழவில்லை. மூன்று நாளுக்கு முன் அதே பெண்ணுக்கு 31.0 வந்தபோது 'குறைவு' என்று குறி போட்டிருந்தது. தாள்களை வரிசையாக வைத்துப் பார்க்காதவருக்கு ரத்தசோகை சரியாகி வருகிறது என்றுகூடத் தோன்றும். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவருக்கு ஷாக் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல்போகும் நிலை) தொடங்கியது.

இந்த நோயாளி தனி ஒருவர் அல்லர். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தென்மாவட்டங்களின் காய்ச்சல் வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணும் போக்கைக் கோத்து, அதற்கேற்ற எண்களைப் பொருத்தி, கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு இது. இடையில் சொல்லப்படும் ஆய்வுகள் உண்மையில் நடந்தவை.

முதல் தாள்: 36-ஆம் மணி

வயது 26, எடை 50 கிலோ. சர்க்கரை, ஈரல் நோய், கர்ப்பம் எதுவும் இல்லை. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்பது மட்டும் கேட்டபிறகு தெரிந்தது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் தொடங்கியது. திங்கள் முழுவதும் பாராசிட்டமால். செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தபோது 103 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் வலி, முகம் சிவந்திருந்தது.

சீட்டில் 'காய்ச்சல் 3 நாள்' என்று எழுதியிருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று விரல்விட்டு எண்ணினால் மூன்றுதான். மணிக்கணக்கில் பார்த்தால் 36 மணி நேரம், அதாவது இரண்டாம் நாளின் நடுப்பகுதி. டெங்குவில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. கீழே வரும் முக்கியமான புரதக் குறியீட்டு ஆய்வுகள் முதல் 72 மணி நேரத்து ரத்தத்தை வைத்து நடந்தவை. 40-ஆம் மணியில் ஒரு பொருள் தரும் எண் 90-ஆம் மணியில் வேறு பொருள் தரும். 'எந்த நாள், எந்த நேரம் காய்ச்சல் தொடங்கியது' என்பதை லேப் படிவத்திலேயே எழுதுவது நல்லது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கீழே வரும் எண்களில் பாதிக்குப் பொருளே இல்லை.

என்எஸ்1 அட்டைச் சோதனை பாசிட்டிவ். வெள்ளையணு 4,300, பிளேட்லெட் 1,82,000, ஹீமோகுளோபின் 9.8, பிசிவி 31.0, சிவப்பணுவின் சராசரி அளவு 71. உடலில் அழற்சி ஏறுவதைக் காட்டும் புரதமான சிஆர்பி 3.4.

என்எஸ்1 வைரஸின் சொந்தப் புரதம். தொற்றிய செல்கள் அதை ரத்தத்துக்குள் கொட்டுகின்றன. தாய்லாந்துக் குழந்தைகளிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், முதல் 72 மணி நேரத்துக்குள் மில்லிலிட்டருக்கு 600 நானோகிராம் அல்லது அதற்கு மேல் என்எஸ்1 இருந்தவர்களுக்கே ரத்தக்கசிவு டெங்கு வரும் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. நம் மேசையில் இருப்பதோ 'உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும் அட்டை. கோடு அடர்த்தியாக விழுந்தது, லேசாக விழுந்தது என்று பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் முறை டெங்கு வருபவருக்குப் பழைய எதிர்ப்பொருள்கள் என்எஸ்1ஐப் பற்றிக்கொள்வதால் அட்டை நெகட்டிவாகக் காட்டிவிடக்கூடும். ஆபத்து கூடுதலாக உள்ளவரிடமே சோதனை தவற வாய்ப்பு அதிகம்.

சிஆர்பி 3.4 என்பதைப் பார்த்து 'இயல்பு' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இந்த லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகில் அச்சிடுகிறது. அடுத்த தெருவில் உள்ள லேப் லிட்டருக்கு மில்லிகிராமில் கொடுக்கும். 3.4 என்பது அங்கே 34. வைரஸ் காய்ச்சலின் இரண்டாம் நாளில் 34 என்பது கவனிக்கவேண்டிய எண். பல நாடுகளில் எடுத்த மாதிரிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று, முதல் மூன்று நாளில் சிஆர்பி கூடுதலாக இருந்தவர்களே பின்னால் மோசமாகும் ஆபத்தில் அதிகம் இருந்ததைக் காட்டியிருக்கிறது. ஆனால் சிஆர்பி யார் கூப்பிட்டாலும் வரும் புரதம். தொண்டைப் புண், சிறுநீர்த் தொற்று, பல்வலி எல்லாவற்றுக்கும் ஏறும். லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டினால் டெங்குவோடு நின்றுவிடாமல், பாக்டீரியாத் தொற்று உள்ளதா, எலிக்காய்ச்சலா, உண்ணிக் காய்ச்சலா என்று தேடவேண்டும். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே உண்ணிக் காய்ச்சலின் அடையாளமான கருகிய சிறு புண் இருக்கிறதா என்று ஆடை விலக்கிப் பார்க்காமல் சிஆர்பியை மட்டும் வைத்துக் கணிப்பது நம் ஊரில் ஆபத்தான சோம்பல்.

அன்றைக்கு அவருக்குச் செய்யவேண்டியது எளிது. தண்ணீர், கஞ்சி, உப்புச்சர்க்கரைக் கரைசல், பாராசிட்டமால் மட்டும். வலிக்கு வேறு மாத்திரையோ ஊசியோ கூடாது. மறுநாள் காலை மறுபடி ரத்தம். முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்த இந்த 31.0தான் அவருடைய அடிப்படை பிசிவி. அதைச் சீட்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதி வட்டம் போடவேண்டும்.

60-ஆம் மணி: ஃபெரிட்டின் 1,340

புதன் காலை 102 டிகிரி. வெள்ளையணு 2,700, பிளேட்லெட் 1,24,000, பிசிவி 31.9. ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளான எஸ்ஜிஓடி 104, எஸ்ஜிபிடி 61. ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 1,340 நானோகிராம்.

வழக்கமாக எல்லாரும் பார்ப்பது பிளேட்லெட். 1,24,000 யாரையும் பயமுறுத்தாது. பிளேட்லெட் வேகமாகச் சரிவது பெரும்பாலும் கசிவுக்குச் சற்று முன்னே வருகிறது. ஆனால் யாருக்கு ஷாக் வரும் என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. 20,000க்குக் கீழே போயும் நடமாடிக்கொண்டிருப்பவர் உண்டு. 80,000இல் ஷாக்கில் விழுந்தவரும் உண்டு. டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து வெளியே கசியும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. கடைவீதியில் பப்பாளி இலை தேடி அலையும் கவலை முழுவதும் பிளேட்லெட்டைச் சுற்றியே இருப்பதால் கசிவைக் கேட்பாரில்லை.

ஃபெரிட்டின் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம். இந்தப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணு சிறுத்து 71, மாதவிலக்கில் அதிகப் போக்கு. காய்ச்சல் இல்லாத நாளில் அளந்திருந்தால் ஃபெரிட்டின் பத்து, பதினைந்தாகத்தான் இருந்திருக்கும். அப்படியானால் 1,340 எங்கிருந்து வந்தது? இரும்புக் கிடங்கிலிருந்து அல்ல. தொற்றால் கிளர்ந்தெழுந்த மேக்ரோஃபேஜ் செல்களும் (கிருமிகளை விழுங்கும் பாதுகாப்புச் செல்கள்) அடிபட்ட ஈரல் செல்களும் வெளியே தள்ளியது. ஃபெரிட்டின் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு நோய் எதிர்ப்பு அமைப்பு கட்டுமீறுகிறது என்று பொருள். மற்ற சாதாரண வைரஸ் காய்ச்சல்களில் மூன்றாம் நாளிலேயே இது ஆயிரத்தைத் தாண்டுவது அரிது. உடனே ஒரு எச்சரிக்கை: டயாலிசிஸில் இருப்பவர், கொழுப்பு ஈரல் உள்ளவர், மதுப்பழக்கம் உள்ளவர், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளி ஆகியோருக்குக் காய்ச்சலுக்கு முன்பே ஃபெரிட்டின் பல நூறுகளில் இருக்கும். அவர்களிடம் ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது. 24 மணி இடைவெளியில் இரண்டு எண்கள் வேண்டும்.

எல்லா மருத்துவமனைக்கும் பொருந்தும் எல்லைக்கோடு ஃபெரிட்டினுக்கு இல்லை. ஆயிரம் என்று ஒருவர் வைக்கிறார், இரண்டாயிரம் என்று இன்னொருவர். காரணம், ஆய்வுகள் 'தீவிரம்' என்ற சொல்லை ஒரே பொருளில் ஆளவில்லை. 1997 வகைப்பாட்டின் ரத்தக்கசிவு டெங்குவை இலக்காக வைத்தவை ஒரு பக்கம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த 'தீவிர டெங்கு' என்ற வகையை வைத்தவை மறுபக்கம். இரண்டும் ஒரே நோயாளிகளைப் பிடிப்பதில்லை. குழந்தைகளிடம் கண்ட எல்லையைப் பெரியவர்களுக்கு அப்படியே எடுத்துப் போடவும் முடியாது.

புதன்கிழமை எண்களால் என்ன மாறவேண்டும்? 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்பது 'தினமும் காலையில வாங்க, வாந்தி வந்தா ராத்திரியானாலும் வாங்க' என்று மாறவேண்டும். அவ்வளவுதான். ஃபெரிட்டின் 1,340 என்பதற்காக டிரிப் போடுவதோ ஸ்டீராய்டு கொடுப்பதோ பிழை. காய்ச்சல் கட்டத்தில் தேவையில்லாமல் ஏற்றும் திரவம், பின்னால் கசிவு தொடங்கும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தங்கும்.

84-ஆம் மணி: 'இரண்டாயிரத்துக்கு மேல்'

வியாழன் காலை 100.6 டிகிரி. இரவிலிருந்து மூன்று முறை வாந்தி, மேல்வயிற்றில் வலி. பிளேட்லெட் 71,000, பிசிவி 34.3, எஸ்ஜிஓடி 268, எஸ்ஜிபிடி 132, பிளாஸ்மாவின் முக்கியப் புரதமான அல்புமின் 3.5. ஃபெரிட்டின் தாளில் '>2000'.

வயிற்றுவலியும் விடாத வாந்தியும் 2009 வகைப்பாட்டின் எச்சரிக்கை அறிகுறிகள். மருத்துவமனையில் சேர்க்க அவையே போதும். எந்தப் புரதத்தையும் கேட்கவேண்டியதில்லை. பிசிவி 31.0 என்ற அடிப்படையிலிருந்து 10.6 விழுக்காடு ஏறியிருக்கிறது. தாளில் அப்போதும் 'குறைவு' என்றே குறி.

'>2000' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஃபெரிட்டின் அளக்கும் ஒவ்வொரு கருவிக்கும் மேல் எல்லை உண்டு. சிலவற்றுக்கு 1,200, சிலவற்றுக்கு 1,500, சிலவற்றுக்கு 2,000. அதற்கு மேல் போனால் கருவி எண்ணைத் தராமல் 'மேல்' என்ற குறியை மட்டும் அச்சிடும். சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் உண்மையான எண் கிடைக்கும். ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) இரண்டு முறை செலவாகிறது. வெள்ளிக்கிழமை அதே நோயாளியின் ரத்தம் வேறு லேப்புக்குப் போய் '>1500' என்று வந்தது. இரவுப் பணியில் இருந்தவர் கோப்பில் 'ஃபெரிட்டின் 2000லிருந்து 1500 ஆகக் குறைகிறது' என்று எழுதினார். நீர்த்து ஓட்டியபோது 8,900.

இதைவிட மறைவான பிழை ஒன்றும் உண்டு. சில முறைகளில் ஃபெரிட்டின் மிக அதிகமாக இருந்தால் சோதனையில் பயன்படும் எதிர்ப்பொருள்கள் எல்லாம் தனித்தனியாக நிரம்பிப்போய், சமிக்ஞை ஏறுவதற்குப் பதில் இறங்கும். அப்போது 'மேல்' என்ற குறிகூட வராது. பார்க்க நம்பகமான, ஆனால் பொய்யான, தாழ்ந்த எண் வரும். கலங்கல் அளவீட்டு முறையில் ஓடும் சிறு கருவிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். நோயாளி மோசமாகிறார், எஸ்ஜிஓடி ஏறுகிறது, ஃபெரிட்டின் மட்டும் திடீரென்று சரிந்திருக்கிறது என்றால் முதலில் லேப்பைக் கூப்பிட்டு நீர்த்து ஓட்டச் சொல்லவேண்டும். 1க்கு 10 நீர்த்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் முதல் எண் வரவேண்டும். அதைவிடப் பல மடங்கு கூடுதலாக வந்தால் முதல் எண் பொய்.

ரத்தம் எடுக்கும் கையும் பொய் சொல்லும். கையில் கட்டும் டூர்னிகே பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிவைத்தால் நீர் வெளியேறி, பிசிவியும் அல்புமினும் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். டிரிப் ஓடும் கையில் எடுத்தால் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். சிவப்பணு உடைந்த மாதிரியில் எஸ்ஜிஓடி பொய்யாக ஏறும், எஸ்ஜிபிடி அவ்வளவு ஏறாது. பிளேட்லெட் இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டால் கருவி குறைத்து எண்ணும். ஸ்லைடில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

105-ஆம் மணி: காய்ச்சல் விட்டது

வெள்ளி காலை ஆறு மணி. 98.6 டிகிரி. நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது: "காய்ச்சல்தான் விட்டுருச்சே டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" டெங்குவில் மிக மோசமான மணி நேரங்கள் காய்ச்சல் விடும் நேரத்தை ஒட்டியே தொடங்குகின்றன என்பதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதல்ல. "இல்லம்மா, இனிமேதான் ரெண்டு நாள் கவனமாப் பார்க்கணும்" என்பதை முதல் நாளே சொல்லிவைத்திருந்தால் அன்றைக்குச் சண்டை வராது.

பிளேட்லெட் 29,000. பிசிவி 37.6. அல்புமின் 2.9. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்து, வலது நுரையீரலைச் சுற்றி லேசாக நீர்.

31.0லிருந்து 37.6 என்பது 21.3 விழுக்காடு ஏற்றம். நீர்ப்பகுதி வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி பிசிவி ஏறும்; ஏற்றம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் தெளிவான பிளாஸ்மா கசிவு. அடிப்படை எண் தெரியாமல், பெண்களுக்கு 38தான் இயல்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தால் ஏற்றமே இல்லை என்றுதான் வரும். ரத்தசோகை உள்ள பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஊரில் இந்த ஒரு பிழை எத்தனை பேரைத் தவறவிடும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அல்புமின் 3.5லிருந்து 2.9க்கு இறங்கியதும் அதே கதையைத்தான் சொல்கிறது. பிளாஸ்மா கசியும்போது அல்புமினும் சேர்ந்து வெளியே போகிறது. ரத்தப்போக்கு நடந்தால் பிசிவி ஏறாது. கசிவும் போக்கும் ஒன்றாக நடந்தால் பிசிவி அசையாமல் நின்று ஏமாற்றும். அப்போது கைகொடுப்பது அல்புமினும் ஸ்கேனும்தான். அல்புமின் ஒரு நாள் முன்னே சொல்வதில்லை, நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது. விலை குறைவு, எந்த லேப்பிலும் உண்டு. நவீனக் குறியீடுகள் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

காலை எட்டு மணிக்கு நாடி 118, ரத்த அழுத்தம் 100/80, கை சில்லென்று, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல். மேல் அழுத்தம் 100 இருப்பதால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மேல், கீழ் அழுத்தங்களுக்கு இடையே உள்ள இடைவெளி 20தான். இது ஷாக்கின் முதல் படி. உடல் குழாய்களை இறுக்கிச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. தானியங்கிக் கருவி இந்தக் குறுகிய இடைவெளியைப் பல நேரம் சரியாகப் பிடிக்காது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கையால் அளந்ததால்தான் தெரிந்தது.

ரிங்கர் லாக்டேட் கிலோவுக்கு 10 மில்லி வீதம் முதல் ஒரு மணி நேரத்தில் 500 மில்லி. ஒன்பது மணிக்கு நாடி 104, அழுத்தம் 108/78, பிசிவி 35.8. அடுத்த ஒரு மணிக்கு 350, அதன்பின் இரண்டு மணி நேரம் மணிக்கு 250, பிறகு நான்கு மணி நேரம் மணிக்கு 150, மாலை நான்கு மணிக்கு மேல் மணிக்கு 75. ஒவ்வொரு படியிலும் நாடி, அழுத்தம், சிறுநீர், பிசிவி நான்கையும் பார்த்தே குறைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

இங்கே இலங்கையின் தேசிய வழிகாட்டி சொல்லும் ஒரு கணக்கு மிகவும் பயன்படும். கசிவு நடக்கும் 48 மணி நேரத்துக்கு மொத்தத் திரவ ஒதுக்கீடு, ஒரு நாள் பராமரிப்புத் திரவமும் உடல் எடையில் 5 விழுக்காடும் சேர்ந்தது. 50 கிலோவுக்கு: முதல் 10 கிலோவுக்கு 1,000 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 500, மீதி 30 கிலோவுக்கு 20 வீதம் 600; ஆக 2,100. ஐந்து விழுக்காடு 2,500. கூட்டினால் 4,600 மில்லி. வாயால் குடித்தது, நரம்பில் ஏற்றியது எல்லாம் இதில் அடங்கும். கசிவு வியாழன் இரவு எட்டு மணிக்குத் தொடங்கியதாகக் கொண்டால் சனி இரவு எட்டுக்கு முடியும். வெள்ளி காலை வரை 480, ஷாக் தொடங்கி மாலை நான்கு வரை 1,950, இரவு முழுவதும் 1,200, வாயால் 400. சனி காலை எட்டு மணிக்கு மொத்தம் 4,030. இன்னும் 570தான் மிச்சம், 12 மணி நேரம் பாக்கி. பிசிவி 33.0, சிறுநீர் நன்றாகப் போகிறது. டிரிப்பை நிறுத்தி வாயால் மட்டும் கொடுக்கலாம் என்ற முடிவுக்கு இந்தக் கணக்கு துணிவு தருகிறது. கணக்கு இல்லாத வார்டில் 'எதுக்கும் ஓடட்டும்' என்று விட்ட பாட்டில் ஞாயிற்றுக்கிழமை மூச்சுத்திணறலாகத் திரும்பிவரும். கசிந்த நீர் அப்போதுதான் குழாய்க்குள் திரும்பி வந்துகொண்டிருக்கும்.

சனிக்கிழமை பிளேட்லெட் 24,000. ரத்தப்போக்கு இல்லை. ஏற்றவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்தும் ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியது ரத்தப்போக்கைத் தடுக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

மேசைக்கு இன்னும் வராத புரதங்கள்

கசிவு நடப்பது குழாய்ச் சுவரில். குழாயின் உட்புறத்தைக் கிளைக்கோகேலிக்ஸ் என்ற சர்க்கரைப் பூச்சு மூடியிருக்கிறது. அந்தப் பூச்சு உரியும்போது சின்டெகான்-1 என்ற அதன் துண்டு ரத்தத்தில் மிதக்கும். என்எஸ்1 புரதமே நேரடியாக இந்தப் பூச்சைக் குலைக்கும் என்பது ஆய்வகங்களில் தெளிவாகியிருக்கிறது. சுவர்ச் செல்கள் தமக்குள் பொதிந்துவைத்திருக்கும் ஆஞ்சியோபொயட்டின்-2, கிளர்ச்சி ஏற்பட்டதும் வெளியே கொட்டி, செல்களுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. அதற்கு எதிராகப் பிடிப்பை இறுக்கும் ஆஞ்சியோபொயட்டின்-1 பெருமளவு பிளேட்லெட்டுக்குள் இருக்கிறது. பிளேட்லெட் சரிந்தால் இறுக்குபவரும் குறைகிறார். பிளேட்லெட்டுக்கும் கசிவுக்கும் உள்ள உறவில் ஒரு இழை இது.

பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் மாதிரிகளிலிருந்து, பின்னால் மிதமாகவோ தீவிரமாகவோ மோசமான 281 பேரையும் சிக்கலில்லாமல் தேறிய 556 பேரையும் எடுத்து, முதல் மூன்று நாளின் ரத்தத்தில், நோய் எதிர்ப்பு அமைப்பின் கிளர்ச்சியையோ குழாய்ச் சுவரின் பாதிப்பையோ காட்டும் பத்துப் புரதங்களை அளந்த முடிவு 2021-இல் வெளியானது. குழந்தைகளுக்குச் சிறந்த கூட்டணியாக வந்தவை ஐஎல்-1ஆர்ஏ, ஆஞ்சியோபொயட்டின்-2, ஐஎல்-8, ஃபெரிட்டின், ஐபி-10, சின்டெகான்-1. பெரியவர்களுக்கு சின்டெகான்-1, ஐஎல்-8, ஃபெரிட்டின், எஸ்ட்ரெம்-1, ஐஎல்-1ஆர்ஏ, ஐபி-10, சிடி163. இரண்டு பட்டியலிலும் இருப்பவற்றில் நம் ஊர் லேப் இன்றே அளக்கக்கூடியது ஃபெரிட்டின் ஒன்றுதான். சிஆர்பியும் அந்தப் பத்தில் ஒன்று. தனியாகப் பார்த்தால் ஆபத்தோடு தொடர்பு காட்டியது, கூட்டணியில் இடம்பெறவில்லை.

இலங்கையிலிருந்து வந்த கைமேஸ் முடிவும் கவனிக்கத்தக்கது. ஒவ்வாமையில் கிளரும் மாஸ்ட் செல்கள் வெடித்துக் கொட்டும் நொதி இது. குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும், காய்ச்சல் கட்டத்திலேயே கைமேஸ் கூடியிருப்பது பின்னால் வரும் ரத்தக்கசிவு டெங்குவை முன்கூட்டிக் காட்டும் என்று 2017-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

இவை ஏன் வார்டுக்கு வரவில்லை? எலைசா முறையில் ஒரு தட்டை ஓட்டச் சில மணி நேரம் ஆகும். ஒற்றை நோயாளிக்காகத் தட்டைத் திறந்தால் செலவு கட்டாது, சேர்த்துவைத்து ஓட்டினால் பதில் வரும்போது நோயாளி ஷாக்கைத் தாண்டியிருப்பார். மாதிரியைக் கையாள்வதும் நுணுக்கமானது. ஆஞ்சியோபொயட்டின்-1ஐச் சீரத்தில் அளந்தால் உறையும்போது பிளேட்லெட் கொட்டியதையும் சேர்த்து அளப்போம். இடிடிஏ பிளாஸ்மாதான் வேண்டும். ஐஎல்-8 பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கணக்கில் தானாகவே ஏறும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து உறையவைக்காத மாதிரியின் எண்ணை நம்ப முடியாது.

சரி, நல்ல சோதனை கையில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உணர்திறன் (தீவிரமாகப்போகிறவர்களைப் பிடிக்கும் திறன்) 80 விழுக்காடு, துல்லியத் தவிர்ப்பு (தீவிரமாகாதவர்களைச் சரியாக விலக்கும் திறன்) 80 விழுக்காடு; டெங்குக் குறியீடுகளுக்கு இது தாராளமான மதிப்பீடு. புறநோயாளிப் பிரிவுக்கு வரும் 100 டெங்கு நோயாளிகளில் 5 பேர் தீவிரமாவார்கள் என்று கொண்டால், சோதனை அந்த 5 பேரில் 4 பேரைப் பிடிக்கும். மீதி 95 பேரில் 19 பேரையும் 'ஆபத்து' என்று சொல்லும். பாசிட்டிவ் வந்த 23 பேரில் உண்மையில் தீவிரமாவது 4 பேர். எல்லாரையும் ஐசியூவில் போட்டால் வார்டு தாங்காது. நெகட்டிவ் வந்த 77 பேரில் 76 பேர் நல்லபடியாக இருப்பார்கள். இந்தச் சோதனைகளின் உண்மையான பயன் இந்தப் பக்கம்தான். நவம்பரில் தரையில் பாய் விரித்துப் படுக்கவைக்கும் நாளில் யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம், யாரை நர்ஸ் மேசைக்கு எதிர்க் கட்டிலில் போடலாம் என்று பிரிக்க உதவும். அந்த 77 பேரில் மிஞ்சும் ஒருவருக்காக, எச்சரிக்கை அறிகுறிகளை வீட்டாரிடம் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இந்தப் பெண்ணின் ஷாக்கை வெள்ளி காலை எட்டு மணிக்கு எந்தப் புரதமும் அறிவிக்கவில்லை. புதன்கிழமை ஃபெரிட்டின் அவரை அடிக்கடி பார்க்கவைத்தது. வியாழன் வாந்தி அவரைக் கட்டிலில் சேர்த்தது. கசிவைச் சொன்னது வட்டம் போட்டுவைத்த 31.0, ஷாக்கைக் கண்டது நாடியில் வைத்த விரலும் கையால் அளந்த ரத்த அழுத்தமும்.

வீடு திரும்பும்போது

ஞாயிறு பிசிவி 31.4, பிளேட்லெட் 38,000, ஃபெரிட்டின் 6,200. 8,900லிருந்து இறங்கியது, காய்ச்சல் திரும்பவில்லை, ஹீமோகுளோபினும் அடிப்படைக்குக் கீழே சரியவில்லை என்பதால் மேக்ரோஃபேஜ் கட்டுமீறிய ஹெச்எல்ஹெச் நிலையைத் தேடவேண்டியதில்லை. ஏழு நாள் கடந்தும் காய்ச்சல் நீடித்து, ஃபெரிட்டின் பத்தாயிரத்தைத் தாண்டி, அணுக்கள் எல்லாம் சரிந்து, மண்ணீரல் வீங்கியிருந்தால் அன்றே டிரைகிளிசரைடு, ஃபைப்ரினோஜன் சோதனைகளுக்கு ரத்தம் அனுப்பவேண்டும். அங்கே ஸ்டீராய்டுக்கு இடம் உண்டு. சாதாரண டெங்குவில் இல்லை.

திங்கள் பிளேட்லெட் 67,000. மாத்திரை இல்லாமல் 48 மணி நேரம் காய்ச்சல் இல்லை, டிரிப் இல்லாமல் பிசிவி நிலையாக நிற்கிறது, சாப்பிடுகிறார். அனுப்பினார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஃபெரிட்டின் 6,200 என்பது அச்சாகிப் போகும். ரத்தசோகைக்காக அடுத்த வாரம் வேறொரு மருத்துவரிடம் போனால், அந்த எண்ணைப் பார்த்து 'உடம்பில் இரும்பு நிறைய இருக்கிறது' என்று இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். அதனால் சீட்டில் இரண்டு வரி சேர்க்கவேண்டும்: அடிப்படை ஹீமோகுளோபின் 9.8, பிசிவி 31. ஃபெரிட்டின் டெங்குவால் ஏறியது, ஆறு வாரம் கழித்து சிஆர்பியோடு சேர்த்து மறுபடி பார்க்கவும், தாழ்ந்திருந்தால் இரும்பு தொடங்கவும், இயல்பாக இருந்தால் தலசீமியா சுமப்பவரா என்று சோதிக்கவும்.